தங்கல் எண்

தென்திசை எரிபொருள் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அமலோற்பவத்தைப் போலப் பாறையைக் கழுவ ஆள் கிடையாது. அமலா என்று எல்லோரும் கூப்பிடும் அவள், இதை அவளாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். பிறர் சொன்னால் மறுக்கவும் மாட்டாள். இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த, கட்டைவிரல் பருமனுள்ள கல்துண்டு அவள் கைக்கு வரும்போது எண்ணெயும் உப்பும் ஏறிக் கறுத்திருக்கும். எண்ணெயைக் கரைக்க மூன்று நாள் டொலுவீனில் கொதிக்க விடுவாள். பிறகு உப்புப் போக மெத்தனால். பிறகு நூற்றைந்து டிகிரி சூட்டடுப்பில் ஒரு நாள் முழுக்கக் காய வைப்பாள். வெளியே எடுக்கும்போது கல் வெள்ளைவெளேரென்று இருக்கும். அதை மேசையில் தட்டிப் பார்த்து, "இப்பத்தான் நீ கல்லு" என்பாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள், அவர்களிடம் யாரும் ஏனென்று கேட்டதில்லை.

அந்தச் சுத்தத்திலிருந்து பிறந்த எண்தான் பதினெட்டு.

டெல்டாவின் கிழக்கு ஓரத்து எண்ணெய் வயல்கள் கிழடு தட்டிப்போன காலம் அது. எடுத்தது பாதி, பாறையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது பாதி. ஒரு கிணற்றில் தண்ணீரை அழுத்தி, எதிர்க் கிணறு வழியாக எண்ணெயை வெளியே தள்ளலாம் என்றால், தண்ணீர் இளக்கம், எண்ணெய் கெட்டி. தண்ணீர் சந்துபொந்தாக நழுவி எதிர்க் கிணற்றில் தான் மட்டும் வந்து நிற்கும். அதனால் பாலிமரைக் கலந்து தண்ணீரைக் கஞ்சி போலக் கெட்டியாக்கி அனுப்புவார்கள். பழைய பாலிமர்கள் சூட்டிலும் உப்பிலும் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து ஆறே மாதத்தில் வெறும் தண்ணீராகிவிடும். புதிதாக வந்த அட்சயாவுக்கு அந்தக் குறை இல்லை. அது அறாது. அறுந்தாலும் பக்கத்துச் சங்கிலியோடு தானே கைகோத்துக்கொள்ளும். சாகாத எதையும் மனிதன் முதலில் வரம் என்றுதான் எடுத்துக்கொள்கிறான், நிறுவனமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. போகிற வழியில் பாறை அதில் எவ்வளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்? அதற்குத் தங்கல் எண் என்று பெயர். அதிகமாக இருந்தால் பாலிமர் பாதி வழியில் நின்றுவிடும், திட்டம் வீண். குறைவாக இருந்தால் பதினோராம் மாதம் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு எதிர்க் கிணற்றில் வெளியே வரும். அமலாவின் வெள்ளைக் கல், கிராமுக்குப் பதினெட்டு மைக்ரோகிராம் என்றது. மிக நல்ல எண். அறிக்கையில் அவள் கையெழுத்துப் போட்டாள், மறுமாதமே பம்புகள் ஓடத் தொடங்கின.

பதினான்கு மாதமாகியும் எதிர்க் கிணற்றில் பாலிமர் வரவில்லை. உள்ளே அனுப்பும் அழுத்தம் மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது.

"வரும் மேடம். பூமிக்குள்ள இருக்கிறது நம்ம டைம்டேபிளையா பாக்குது?" என்றார் திட்டத் தலைவர் ரங்கமன்னார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை பேனாவைக்கூடத் தொட மாட்டார். அடுத்த கட்டமாக இன்னும் நாற்பது கிணறுகளில் அட்சயாவை இறக்கும் வேலை அவர் மேற்பார்வையில் தயாராகிக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் வாசல் காவலாளி ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தார். ஓர் அம்மாள் காலையிலிருந்து நிற்கிறாராம். மண்ணைப் பார்க்கிற அதிகாரியைத்தான் பார்க்க வேண்டுமாம்.

ஐம்பதைத் தொட்டிருந்த அந்தப் பெண், கையில் ஒரு தூக்குவாளியோடு வேப்பமர நிழலில் நின்றிருந்தாள்.

"மண்ணு பாக்குற மேடம் நீங்கதானே?"

"ஆமாம்மா. நீங்க?"

"அகரப்பூவத்தூர். பேரு தையல்நாயகி. பஞ்சாயத்துல டேங்க் ஆப்பரேட்டரு." கொஞ்சம் நிறுத்தி, "இருந்தேன்" என்றாள்.

ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுத் தெருத் தெருவாகத் திறந்துவிடுகிற வேலை. பன்னிரண்டு வருடம் பார்த்தவள். இரண்டு மாதமாக ஆழ்குழாயில் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் இரண்டு முறை கருகிவிட்டது.

"நான்தான் காயவுட்டு ஓட்டிட்டேன்னு சொல்றாங்க. எறாப் பண்ணைக்குத் தண்ணி வித்துட்டேன்னு சொல்றாங்க. தலைவரு என்னை நிறுத்திட்டாரு மேடம். ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்துருக்காங்க. லாரி தண்ணி வந்தா என் கொடத்த வரிசையில வைக்க விடமாட்டேங்குறாங்க."

"நீர்மட்டம் இறங்கியிருக்கும்மா. இந்த வருஷம் எல்லா ஊர்லயும்..."

"எறங்கல." தையல்நாயகி அவசரமாக மறுத்தாள். "கயித்துல கல்லக் கட்டி விட்டுப் பாத்தேன். அறுவது அடியில நனையுது. எப்பவும் அங்கதான் நனையும். மோட்டாரப் போட்டா ரெண்டு கொடம் வருது, அப்புறம் காத்துதான். மறுநாளு பாத்தா திரும்ப அறுவதடிக்கு வந்து நிக்குது. தண்ணி இருக்கு மேடம். வரமாட்டேங்குது."

தூக்குவாளியைத் திறந்து நீட்டினாள். ஆழ்குழாயின் வடிகட்டிக் குழாயை உருவியபோது ஒட்டிக்கொண்டு வந்ததாம். உள்ளே சாம்பல் நிற மணல். ஆனால் மணல் மாதிரி உதிரவில்லை. அமலா விரலால் தொட்டாள், அது நடுங்கியது. வாளியைக் கவிழ்த்தாள், அல்வா போல அடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது, ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே விழவில்லை. இருபத்திரண்டு வருடம் பழகிய விரல்களுக்கு அது என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது.

"கம்பெனிப் பேப்பர்ல ஒரு எழுத்து குடுங்க மேடம். என் மேல தப்பு இல்லன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

"பாத்துட்டுச் சொல்றேன்மா" என்றாள் அமலா. சொல்லி முடித்ததும் அவளுக்கே கூசியது. நழுவ நினைக்கிறவர்கள் சொல்கிற வார்த்தை அது.

வாளியில் இருந்தது அட்சயாதான். சந்தேகமே இல்லை. ஆனால் பதினெட்டு என்ற எண் சரியென்றால் அது அங்கே இருக்க வழியில்லை. எண் தப்பு என்றால், எங்கே தப்பு? கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். கருவிகளை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் குளிர்க் கிடங்குக்குப் போய், வெட்டியெடுத்த அன்றே மெழுகு பூசி ஈரத்தோடு மூடி வைத்த ஒரு கல்லை எடுத்து வந்தாள். அதைக் கழுவாமல், காய வைக்காமல், அப்படியே சோதனைக் குழாயில் பொருத்தினாள். கை தன்போக்கில் இரண்டு முறை டொலுவீன் புட்டியை நோக்கிப் போயிற்று. அழுக்குக் கல்லோடு வேலை செய்வது, குளிக்காமல் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி அவளை உறுத்தியது.

ஒன்பது நாள் பாலிமரை உள்ளே விட்டாள். மறுமுனையில் தண்ணீர்தான் வந்தது, அதுவும் மெல்லக் குறைந்தது. பாலிமர் வரவேயில்லை. ஒன்பதாம் நாள் தங்கல் எண் நூற்று நாற்பது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

கல்லை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். துளைகளுக்குள் களிமண் மயிரிழை மயிரிழையாக விரிந்து நின்றது. ஒவ்வோர் இழையும் பாலிமரைப் பற்றியிருந்தது, பற்றிய பாலிமர் வழியில் வந்த அடுத்த சங்கிலியைப் பற்றியிருந்தது. பக்கத்தில் தன் பழைய வெள்ளைக் கல்லை வைத்துப் பார்த்தாள். அதிலும் அதே இழைகள் இருந்தன. ஆனால் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை போலச் சுவரோடு சுவராக ஒட்டிக் காய்ந்துகிடந்தன. பூமிக்குள் ஒருநாளும் காயாத பாறையைக் காயவைத்து, அதனிடம் கேள்வி கேட்டிருக்கிறாள். காய்ந்த பாறை தனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறது.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. அவமானமாக இருந்தது. எதற்காக எல்லோரும் அவளைப் பாராட்டினார்களோ அதனாலேயே ஓர் ஊரின் தண்ணீர் போயிருக்கிறது. மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அகரப்பூவத்தூருக்கு பஸ் ஏறினாள்.

தையல்நாயகி தொட்டியின் கீழே தனியாக உட்கார்ந்து, வேலை இல்லாவிட்டாலும் வால்வுகளுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி லாரியைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தெக்கால வயல்ல ஒரு பழைய எண்ணெய்க் கிணறு இருக்குல்ல?" என்று ஆரம்பித்தாள் அமலா.

"கொழாய்த் திடலுன்னு சொல்லுவோம். எங்க மாமனாரு காலத்துலயே மூடிட்டாங்க."

"எங்க பழைய வரைபடத்துல பாத்தேன். மூடின சிமெண்டு மக்கிப்போயிருக்கணும். நாங்க ஆழத்துல ஒரு பசையை அழுத்தி விட்டோம். அது போகவேண்டிய பக்கம் போகும்னு நெனச்சோம். பாறை பிடிச்சுக்கிச்சு, வழி அடைஞ்சுபோச்சு. அழுத்தம் தாங்காம அந்தப் பழைய கிணத்து வழியா மேல ஏறிடுச்சு. மேல இருக்கிறது உங்க நல்ல தண்ணி மணல்."

"வெஷமா?"

"இல்ல. குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா மணலுக்கு மணல் நடுவுல இருக்கிற தண்ணியை அப்படியே நிறுத்திப் பிடிச்சுக்கும். நகர விடாது."

"எப்ப விடும்?"

"விடாதும்மா. அறாத மாதிரிதான் அதைச் செஞ்சிருக்காங்க."

தையல்நாயகி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். "அப்ப நான் மோட்டாரக் கருக்கல" என்றாள்.

"நீங்க இல்ல. நான்தான். என் கையெழுத்து."

அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஊருக்குத் தண்ணீர் போனதைவிடத் தன் பெயர் திரும்பி வந்ததே அந்த நிமிடத்தில் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள அமலாவால் முடியவில்லை. அந்த எழுத்தைத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் ரங்கமன்னார் அறையில் அவள் நின்றுகொண்டே பேசினாள். எண்ணைத் திரும்பப் பெறுகிறேன். பம்புகளை நிறுத்த வேண்டும். நாற்பது கிணறுகளும் கூடாது. அந்த ஊருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நிறுவனம் எழுத்து கொடுக்க வேண்டும். மறுத்தால் தன் கையெழுத்தோடு தானே கொடுப்பதாகவும் சொன்னாள். வேலை போகும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அவர் பேனாவைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"எவ்வளவு நாள் நிக்கும் மேடம் இது?"

"எது சார்?"

"மணலுக்குள்ள. இந்த அடைப்பு."

"சங்கிலி அறாது சார். நம்ம ஆயுசு, நம்ம பிள்ளைங்க ஆயுசு எல்லாம் இதுக்கு ஒரு கணக்கே இல்ல."

"ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தண்ணி கொஞ்சம்கூடக் கசியாதா?"

"கசியாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்." அவர் இழப்பின் ஆழத்தைப் புரிந்துகொள்ளத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள்.

அன்று மாலையே பம்புகள் நின்றன. எழுத்தை அவரே எழுதி, அவரே கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். அமலாவுக்கு நம்ப முடியவில்லை. நல்ல மனிதர், தான்தான் தவறாக நினைத்திருந்தோம் என்று உள்ளுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

கிராமசபையில் அந்த எழுத்தைத் தலைவர் ஒலிபெருக்கியில் வாசித்தார். ஸ்டேஷனில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கினார்கள். தையல்நாயகி மறுபடியும் தொட்டியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வரிசையில் குடம் வைக்க விடாத பெண்களே அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார்கள். நிறுவனம் பசை பரவாத இடமாகப் பார்த்து, ஊருக்குக் கிழக்கே அரைக் கிலோமீட்டர் தள்ளிப் புது ஆழ்குழாய் போட்டுக் கொடுத்தது. அதைத் தாண்டினால் பக்கத்து ஊரான சேந்தன்வெளியின் எல்லை. அந்த ஊருக்கு அப்பால் கடல்வரை நிலத்தடியில் உப்புத் தண்ணீர்தான்.

புது ஆழ்குழாய் இழுத்த இழுப்பில், கோடையில் சேந்தன்வெளியின் அடிகுழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. இரண்டு ஊரும் இப்போது இறைப்பது மிச்சமிருந்த ஒரே நல்ல தண்ணீர் மணலிலிருந்து. சித்திரை மாதத்தில் யாரோ அகரப்பூவத்தூரின் குழாயை மண்வெட்டியால் வெட்டினார்கள். பதிலுக்கு இங்கிருந்து போனவர்கள் அங்கே ஒருவரின் மண்டையை உடைத்தார்கள். அதுவரை ஒரே மாரியம்மனுக்குத் தேர் இழுத்த ஊர்கள் அந்த வருடம் தனித்தனியாகக் காப்புக் கட்டின.

ரங்கமன்னார் அமலாவைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு வரைபடம். நல்ல தண்ணீர் மணலைச் சுற்றி நீலக்கோடு.

"நீர்ச்சுவர்" என்றார். "எண்ணெய்க்கு உதவாத சரக்கு இதுக்கு உதவும் மேடம். வரிசையா நூறு துளை போட்டு அட்சயாவை இறக்கினா பூமிக்குள்ள ஒரு சுவர். உள்ள இருக்கிற தண்ணி உள்ள. வெளிய இருக்கிற உப்பு வெளிய. உங்க நூத்தி நாப்பதுதான் இதுக்கு அஸ்திவாரம்."

அன்று அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் இப்போது அவளுக்கு வேறாகக் கேட்டது.

"தண்ணிக்குச் சுவரா சார்?"

"சண்டை நிக்கணும்ல? வளைச்சுக்கிட்ட ஊருக்கு நூறு வருஷத்துக்குக் கவலை இல்ல."

"வெளிய நிக்கிற ஊருக்கு?"

"லாரி இருக்கே." அவர் குரல் எப்போதும் போல இதமாகத்தான் இருந்தது. "நாம யாரையும் கட்டாயப்படுத்தப் போறதில்ல. ஒரு ஊருக்கு மாதிரிக்குச் செஞ்சு காட்டலாம்னு மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்க. அந்த மணல் மேல இருக்கிறது ரெண்டு ஊருதான். எந்த ஊரு முதல்ல மனு குடுக்குதோ அந்த ஊருக்கு. ரெண்டும் கேக்கலேன்னா இந்தக் கோப்பை நான் மூடிடுறேன். போதுமா?"

"கேக்க மாட்டாங்க சார்" என்றாள் அமலா. "தண்ணி நின்னுபோனா எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்."

அதை அவள் மனதார நம்பினாள். மனுக்களை வாங்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார்கள், அவளும் ஒத்துக்கொண்டாள். யாராவது வந்தால் பேசித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருந்தது. மூன்று வாரம் யாரும் வரவில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் வெறும் மேசையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

நான்காவது வாரம், வெள்ளிக்கிழமை, தையல்நாயகி வந்தாள். சிரித்த முகத்தோடு உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு மனுவை எடுத்து வைத்தாள். பின்னால் எட்டுப் பக்கத்துக்குக் கையெழுத்தும் கைநாட்டும்.

"நீங்களா?" என்றாள் அமலா.

"ஊரே போட்டிருக்கு மேடம்."

"சுவர் வந்தா சேந்தன்வெளிக்கு ஒரு சொட்டு வராது. தெரியுமா?"

"தெரியும். நீங்கதானே எனக்கு வெளக்கிச் சொன்னீங்க."

"இதை எடுக்க முடியாதும்மா. நாளைக்கு ரெண்டு ஊரும் ராசியானாலும் எடுக்க முடியாது. நீங்க பட்டதை அவங்க படுவாங்க. பிள்ளைங்க, பிள்ளைங்களோட பிள்ளைங்க, அத்தனை பேரும்."

"நாங்க பட்டப்ப யாரு மேடம் கேட்டா? நீங்க ஒருத்தரு கேட்டீங்க. அதுக்குத்தான் உங்ககிட்டயே குடுக்குறேன்." தையல்நாயகியின் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "காலையில வால்வத் திறக்குறப்ப தண்ணி வருமா வராதான்னு நெஞ்சு அடிச்சுக்குது. பன்னெண்டு வருசம் இல்லாத பயம் இது. இனிமே என்னால முடியாது."

அமலா மனுவைத் தொடவில்லை. "அந்த ஊர்ல உங்களுக்கு வேண்டியவங்க ஒருத்தரும் இல்லையா?"

"என் கூடப்பொறந்த தங்கச்சி அங்கதான் வாக்கப்பட்டிருக்கா." தையல்நாயகி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மனசு கேக்கல. நேத்து அவ வீட்டுக்குப் போனேன், விசயத்தச் சொல்லிடலாம்னு."

"சொன்னீங்களா?"

"சொல்ல விடல. அவ பேச்சுவாக்குல முந்திக்கிட்டா. அவங்க ஊரு மனு திங்கக்கெழம வருதாம். மொதக் கையெழுத்து அவளோடதுதானாம்." மனுவை அமலாவின் பக்கம் மெதுவாக நகர்த்தினாள். "அதான் மேடம், இன்னைக்கே வந்துட்டேன்."